குடுவையின் மேல் எழுதிய பெயர்

"அறிவியலில் தவறு நுழைந்தால் அது தானாகவே களையப்பட்டுவிடும்" என்று ஒரு கட்டுரையில் எழுதப்பட்டிருப்பதை, செல் உயிரியலில் சில காலம் கைநனைத்தவன் என்ற முறையில் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்கள் முரட்டு வளர்ச்சி கொண்டவை. ஒரு துளி தவறி வேறு குடுவைக்குள் விழுந்தாலும் போதும், அங்கிருந்ததை ஓரங்கட்டிவிட்டு மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வேறு வேறு திசுக்களுடையவை என நம்பப்பட்ட 18 செல் வரிசைகள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் கூட்டங்கள்) இப்படி ஹீலாவாக மாறிப்போயிருந்ததை ஒரு நொதியின் வகையை வைத்து மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே காட்டிவிட்டார். அதன் பிறகும் வாய்ப்புற்றுச் செல் என்று கேபி (KB) என்ற வரிசையும், கல்லீரல் செல் என்று சாங் லிவர் என்ற வரிசையும் ஆய்வுக் கட்டுரைகளில் பல பத்தாண்டுகள் உலவின, இரண்டுமே ஹீலாதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒரு நண்பர் இந்தக் கலப்புக்கெல்லாம் மாணவர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்கிறார். ஆனால் நான் மாணவனாக இருந்தபோது பக்கத்து ஆய்வகத்திலிருந்து கடனாக வந்த குடுவையில் 'நுரையீரல் செல்' என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த பெயர்தான் எங்களுக்கு ஒரே ஆதாரம். ஆல்கஹாலால் துடைத்துத் துடைத்து அதுவும் பாதி அழிந்திருந்தது. எட்டு மாதங்கள் செல்களுக்கு உணவான அந்த இளஞ்சிவப்பு வளர்ப்புத் திரவத்தை மாற்றி மாற்றி வளர்த்தோம். ஆய்விதழ் கேட்ட பிறகுதான் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினோம். நுரையீரல் செல் அல்ல, ஹீலா என்று பதில் வந்தது. எங்கள் ஆய்வு வழிகாட்டி அன்று மதியச் சாப்பாட்டுக்கே வரவில்லை. இத்தனைக்கும் அந்தச் சோதனைக்கான கட்டணம், செல் வளர்க்க நாங்கள் வாங்கிய ஒரு சீரம் பாட்டிலின் விலையைவிடக் குறைவு.