எரிவது அல்ல, இணைவது

அணுக்கரு இணைவு பற்றிய உங்கள் கட்டுரையில் வரும் ‘சூரியனில் ஹைட்ரஜன் எரிகிறது’ என்ற வரியைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். எரிய ஆக்சிஜன் வேண்டும். அங்கே நடப்பது அணுக்கருக்கள் இணைவது.

மன்னார்குடிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நெல் மூட்டையைத்தான் எடுப்பேன். கொள்முதல் நிலையத் தராசில் 40 கிலோ மூட்டை. அதே எடைக்கு, இணைவு உலைகளுக்கான எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்) இணைந்து ஹீலியமும் நியூட்ரானுமாக மாறினால், மறுபடி நிறுக்கும்போது சுமார் 150 கிராம் குறையும். சிந்தவில்லை, எலி தின்னவில்லை. அந்த எடைதான் ஆற்றலாகப் போயிருக்கிறது.

ஓர் இணைவுக்கு வெளிவரும் ஆற்றல், அணு அளவிலான அலகில் சொன்னால், 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதில் 14.1 நியூட்ரானோடு வெளியே ஓடிவிடும். உலையில் மின்சாரத்துக்கு நம்புவது பெரும்பாலும் அதைத்தான். மீதி 3.5 ஹீலியம் கருவிடம். அதற்கு மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலம் பிடித்துக்கொள்ளும்; மோதி மோதி பிளாஸ்மாவின் (கருக்களும் எலக்ட்ரான்களும் பிரிந்து திரியும் கொதி வாயுவின்) சூடு ஆறாமல் காக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற இணைவுச் சோதனை உலைக்கு 15 கோடி டிகிரி வேண்டும், சூரிய மையமே 1.5 கோடிதான். “பாத்திரம் உருகாதா டீச்சர்?” என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த பிளாஸ்மா காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தி குறைந்தது. காந்தப்புலமும் அதைச் சுவரிலிருந்து தள்ளியே வைத்திருக்கும்.