சிறப்புக் குழந்தைகளின் கணக்கை ஊர் கேட்க வேண்டும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 17ஆவது பிரிவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுப்பு நடத்தி மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைக் கண்டறிய வேண்டும். அவர்களின் தேவைகள் என்னென்ன என்று அறிய வேண்டும். அந்தத் தேவைகள் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும் என்கிறது அது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். முதல் கணக்கெடுப்புக்குக் கொடுத்த கெடு இரண்டே ஆண்டுகள்.

முதல் இரண்டு வேலைகளும் தமிழ்நாட்டில் ஓரளவு நன்றாகவே நடக்கின்றன. இதைச் சொல்லத் தயங்க மாட்டேன். வகுப்பாசிரியர்கள் ‘நலம் நாடி’ செயலியில் குழந்தைகளைப் பதிகிறார்கள். வட்டார வள மையத்தில் (பி.ஆர்.சி.) மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கிறது. எலும்பு மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், மனநல மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவதால், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அலையும் அலைச்சல் பல குடும்பங்களுக்கு மிச்சமாகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் அங்கேயே வழி பிறக்கிறது. மூன்றாவது வேலைதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கண்டறிந்த குழந்தைக்குக் கிடைத்தது என்ன, கிடைத்தது அதற்கு உதவுகிறதா என்று உள்ளூரில் உட்கார்ந்து கேட்பதற்கு யாரும் இல்லை.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு ஒரு சிறப்பு நாற்காலி வந்தது. முகாமில் இடுப்பளவு, முழங்கால் வரையிலான நீளம், முதுகின் உயரம் எல்லாம் டேப் வைத்து அளந்தார்கள். நாற்காலி வந்து சேர்ந்தபோது அவள் ஒரு வகுப்பு மேலே போயிருந்தாள், உடம்பும் வளர்ந்திருந்தது. கால் வைக்கும் பலகை முழங்காலை மேலே தூக்கி நிறுத்தியது. மார்புப் பட்டை கழுத்துக்குக் கீழே வர வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வயிற்றை அழுத்தியது. பக்கவாட்டுத் தாங்கிகளுக்கு நடுவே இடுப்பு நுழைந்தால் மூச்சு வாங்கினாள். பத்து நிமிடத்துக்கு மேல் அதில் அவளால் உட்கார முடியவில்லை. இப்போது அந்த நாற்காலி பள்ளியின் பொருள் அறையில் சுவரோரமாக நிற்கிறது, சத்துணவு முட்டை அட்டைகளை அதன்மேல் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ‘வழங்கப்பட்டது’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வட்டாரத்திலும் மாவட்டத்திலும் சென்னையிலும் டெல்லியிலும் கணக்கு கூட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் கணக்கு சரியாகவே இருக்கும். என் மகள் மட்டும் சாதாரண பெஞ்சில், சுவரில் சாய்ந்து, சரிந்து சரிந்து உட்கார்ந்து எழுதுகிறாள்.

இதில் ஒரு தனி ஆளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அளவெடுத்தவர் சரியாகவே அளவெடுத்தார். நாற்காலி செய்தவர்கள் அந்த அளவுக்குச் செய்தார்கள். கொண்டுவந்து கொடுத்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கொடுத்த மூன்றாவது மாதம் வந்து ‘உட்கார முடிகிறதா’ என்று பார்க்க வேண்டியது யாருடைய பொறுப்பு என்று எங்குமே எழுதி வைக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

சாய்தளத்தின் கதையும் இதேதான். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு வகுத்த அளவு. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு நாலைந்து அடியில் சிமெண்ட் பூசிவிட்டு ‘சாய்தளம் உண்டு’ என்று படிவத்தில் நிரப்பிய பள்ளிகளை எங்கள் பகுதியிலேயே காட்ட முடியும். சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து இரண்டு பேர் பிடித்தால்தான் அதில் ஏற்ற முடியும். இறக்கும்போது இன்னும் பயம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று கட்டிய கழிப்பறையில் துடைப்பமும் பினாயிலும் இருக்கும், சாவி அலுவலக அறையில் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கட்டடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு குழந்தை அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் வெளியிலிருந்து வரும் அதிகாரிக்குக் கிடைக்காது. உள்ளூரில் இருக்கும் எங்களுக்குக் கிடைக்கும்.

அதனால்தான் இந்த மேற்பார்வை உள்ளூரில் இருக்க வேண்டும் என்கிறேன். இன்று தகவல் எல்லாம் மேலே போகிறது. ஆசிரியர் செயலியில் ஏற்றுகிறார், வட்டாரம் மாவட்டத்துக்கு அனுப்புகிறது, மாவட்டம் மாநிலத்துக்கு அனுப்புகிறது. அதே தகவல் அந்தக் குழந்தையின் தாய்க்கும், அந்தப் பள்ளியின் குழுவுக்கும், அந்த ஊராட்சிக்கும் திரும்பி வருவதில்லை. விளைவு என்ன? திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் பெற்றோர்கள் வளர்ந்த பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நல்ல கலெக்டராக இருந்தால் எழுந்து வந்து மனுவை வாங்குவார், அந்தக் குழந்தைக்கு அந்த வாரமே வழி பிறக்கும். மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த ஊரில் அதே குறையோடு இருக்கும் இன்னொரு குழந்தையின் தாய்க்குப் பஸ் ஏறி வர முடியவில்லை என்றால் அவளுக்கு எதுவும் மாறாது. மனு கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு கொடுக்க வேண்டும். 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. ஆகவே எங்களைப் போன்ற பெற்றோர் அந்தக் குழுவில் உட்காருவது யாரும் போடும் பிச்சை அல்ல. 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் அவர் படிப்பை முடிக்கிறாரா என்பதையும் கண்காணிப்பதற்கு அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். 72ஆவது பிரிவு மாவட்ட அளவில் ஒரு குழு அமைக்கச் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், பள்ளிக் குழந்தைகளைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் சுற்றுச்சுவர் வரும், குடிநீர்த் தொட்டி வரும், காலை உணவு வரும், மாணவர் சேர்க்கை வரும். எல்லாம் அவசியமானவைதான். நான் நாற்காலி விஷயத்தை எடுத்தபோது, “அதெல்லாம் பி.ஆர்.சி.யிலிருந்து வந்து பார்த்துக்கொள்வார்கள் அம்மா, இங்கே வேண்டாம்” என்று பரிவோடுதான் சொன்னார்கள். அந்தப் பரிவு எனக்கு வலித்தது. நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான்கு பிள்ளைகள் மட்டும் வேறு யாருடைய பொறுப்போ என்று அங்கே இருந்த எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பி.ஆர்.சி.யிலிருந்து வருகிறவர்களின் நிலையையும் பேச வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபி பார்ப்பவர்களும் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறவர்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போகிறார், பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் போகிறார், இடையில் செயலியில் பதிவும் போடுகிறார். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்கநிலையில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. 2025 மார்ச்சில் மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட்டது. இதற்கிடையில் 2024இல், பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத விவகாரத்தில் மத்திய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியை நிறுத்தி வைத்தபோது இந்த ஒப்பந்தப் பணியாளர்களின் சம்பளமே தள்ளிப்போனது. நிறுத்தப்பட்ட தொகை 2,152 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு சொல்கிறது. இரண்டு அரசுகளும் மோதிக்கொள்ளட்டும், எங்கள் பிள்ளைகளின் காலைப் பிடித்துவிடும் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். உள்ளூர் மேற்பார்வை என்று நான் சொல்வது அந்தப் பெண் எத்தனை மணிக்கு வந்தார் என்று கடிகாரம் பார்ப்பது அல்ல. அவருக்கு எத்தனை குழந்தைகளை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தால், ‘இது ஒருவரால் ஆகாத வேலை’ என்று அவருக்காக நாங்கள்தான் முதலில் தீர்மானம் போடுவோம்.

வீட்டிலேயே இருக்கும் குழந்தைகளின் நிலைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்பதும் அதே 2012 திருத்தம் கொடுத்த வழி. எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். பெற்றோர் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், பாட்டிதான் பார்த்துக்கொள்கிறாள். பயிற்றுநர் வந்து போனதற்கு அடையாளம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டியின் கைநாட்டு. வந்தவர் என்ன சொல்லிக்கொடுத்தார், அடுத்த முறை வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று அந்த நோட்டில் எழுதியிருந்தாலும் பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படித்த பெண்கள் இருக்கிறார்கள். கேட்டால் வாசித்துக் காட்ட மாட்டார்களா? ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டும் என்று எந்தத் திட்டத்துக்கும் தோன்றவில்லை. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. பள்ளியின் நினைவில் அவன் இல்லை.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் இன்னொரு கூட்டம். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21 ஆயின, கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. பார்த்தால் எதுவும் தெரியாத குழந்தைகள் இவர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்குகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அவற்றைப் பெறச் சான்றிதழ் வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் நிதானமாக வாங்கியிருக்கலாம். தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கேள்விப்பட்டு ஓடும் பெற்றோர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் 2016 முதல் ஆஃப்ஸ்டெட் என்ற கல்வி ஆய்வு அமைப்பும் சுகாதாரச் சேவைகளை ஆய்வு செய்யும் அமைப்பும் கூட்டாகப் போய், ஒரு பகுதியின் உள்ளாட்சியும் மருத்துவத் துறையும் சேர்ந்து இந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்கின்றன என்று பார்க்கின்றன. பெற்றோரிடம் கேட்கிறார்கள், அறிக்கையை ஊரறிய வெளியிடுகிறார்கள். அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை, பெற்றோர்கள் தீர்ப்பாயத்தின் படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் தன் பகுதியைப் பற்றி ஓர் அறிக்கை கையில் இருக்கிறது. நம்மிடம் அதுகூட இல்லை. இத்தனைக்கும் ஊரைக் கூட்டிக் கணக்குக் கேட்பது நமக்குப் புதிது அல்ல. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கிராம சபையின் சமூகத் தணிக்கை இருந்தது. குளம் வெட்டிய கணக்கை ஊர் நடுவே வாசிக்கச் சொன்ன நாட்டில், ஒரு குழந்தையின் நாற்காலிக் கணக்கை வாசிக்க முடியாதா?

ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். குழந்தைகளின் பெயரையோ குறைபாட்டையோ சுவரில் எழுதக் கூடாது. ‘இவள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை’ என்று பேச்சு வந்து, அக்காவின் கல்யாணம் தடைபடும் என்ற அச்சத்தில் முகாமுக்கே வராத குடும்பங்கள் இருக்கின்றன. தகவல் பலகையில் எண்ணிக்கையும் தேதியும் போதும்: இந்தப் பள்ளியில் எத்தனை குழந்தைகள், பயிற்றுநர் எந்தெந்த நாளில் வருவார், எத்தனை கருவிகள் வந்தன, எத்தனை பயன்பாட்டில் உள்ளன, எத்தனை பழுது. தனிக் குழந்தையின் விவரம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நடுவே இருக்கட்டும்.

2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களால் தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வர வழி பிறந்திருக்கிறது. நெடுநாள் போராடிப் பெற்ற இடம் அது. அந்த நாற்காலிகளில் அமர்பவர்களிடம் நான் கேட்பது, உங்கள் ஊராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை வாருங்கள். நடமாடும் சிரமத்தை அனுபவித்தவர் கேட்கும் கேள்வியும் எங்களைப் போன்ற பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஒரே கூட்டத்தில் எழுந்தால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கருவிகள் பதிவேட்டில் ‘வழங்கப்பட்ட நாள்’ என்ற பத்திக்கு அடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் கையெழுத்தோடு நிரப்ப ‘இப்போது பொருந்துகிறதா’ என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். பொருந்தாதவற்றின் பட்டியலைத் தலைமையாசிரியர் அந்த வாரமே வட்டார வள மையத்துக்கு அனுப்பி, ஒப்புகையைக் குழுவில் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து கற்கும் குழந்தைகளைக் குழு உறுப்பினர்கள் இருவர் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட வேண்டாம், அரசாணையும் வேண்டாம். தீர்மானத்தின் நகல் வேண்டும் என்று நினைக்கும் குழு உறுப்பினர்கள் பதிவின் கீழே எழுதுங்கள், அப்படியே அனுப்பி வைக்கிறேன். உங்கள் பள்ளிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டு இந்த மாதமே வையுங்கள்.