எல்ஸ் என்றால் 'இல்லையென்றால்' இல்லை

"இங்கிலீஷ் நல்லா வந்தாதான் கோடிங் வரும்" என்று பிள்ளைகளைப் பயமுறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நிரல்மொழிச் சொற்கள் பார்வைக்குத்தான் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை நம்பி இறங்கினால் ஆங்கிலம் கரைத்துக் குடித்தவரும் தடுமாறுவார்.

பைத்தான் என்ற நிரல்மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்புக்குக் கீழே எல்ஸ் எழுதலாம். லூப் ஓடாவிட்டால்தான் எல்ஸ் ஓடும் என்றுதானே தோன்றுகிறது? அப்படியில்லை. லூப் நடுவில் பிரேக் ஆகாமல் (அதாவது, பாதியில் நிறுத்தப்படாமல்) முடிந்தாலே எல்ஸ் ஓடிவிடும். பட்டியலில் ஒரு பெயரைத் தேடுகிறோம், கிடைத்ததும் பிரேக். கடைசிவரை தேடியும் கிடைக்காவிட்டால் எல்ஸ். தேடலுக்கு அருமையான வசதி, பெயர்தான் கெடுக்கிறது. பைத்தானின் முக்கிய டெவலப்பர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கரே இதற்கு 'நோபிரேக்' என்ற பெயர் பொருத்தமாக இருந்திருக்கும் என்றார்.

'அல்லது' என்று பொருள்படும் ஆர் இன்னும் மோசம். 'நிறம் சிவப்பு அல்லது நீலம் என்றால்' என்று பேச்சில் சொல்வதை அப்படியே நிறம் == "சிவப்பு" ஆர் "நீலம்" என்று எழுதினால் பிழைச்செய்தி வராது. ஆனால் நிறம் பச்சையாக இருந்தாலும் நிபந்தனை தேறிவிடும். ஆருக்குப் பின்னால் வரும் "நீலம்" தனி நிபந்தனையாகிவிடும்; வெறுமையாக இல்லாத எந்தச் சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) பைத்தான் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2015இல் வந்த கான்ஸ்ட்டும் ('மாறாதது') அப்படித்தான். கான்ஸ்ட் போட்ட பெயருக்கு வேறு மதிப்பைத் தர முடியாது. ஆனால் அந்த மதிப்பு அரேயாக (பட்டியலாக) இருந்தால் உள்ளே எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். சி மொழியின் ஸ்டாட்டிக்குக்கு ஃபங்ஷனுக்குள் (பெயரிட்டு வைத்த கட்டளைத் தொகுப்புக்குள்) ஒரு வேலை, வெளியே வேறு வேலை. உள்ளே, ஃபங்ஷன் முடிந்த பிறகும் மதிப்பு அழியாது. வெளியே, மற்ற கோப்புகளின் கண்ணில் படாது.

வடிவமைப்பாளர்களை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். புதுச்சொல் ஒன்றைக் கீவேர்டாக்கினால் (மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்டால்), அதை வேரியபிள் (மதிப்பைத் தாங்கும்) பெயராக வைத்திருக்கும் பழைய நிரல்கள் உடையும். அதனால் இருக்கும் சொல்லின் தலையிலேயே புது வேலையையும் கட்டுகிறார்கள்.

தமிழ்ச் சொற்களில் நிரல் எழுத உதவும் எழில் மொழியை மனதார வரவேற்கிறேன். அங்கும் நிபந்தனைக்குப் பின்னால் வரும் சொல் 'ஆனால்' ('அப்படி ஆனால்' என்ற பொருளில்). அதை 'பட்' என்று படித்துவிடும் பிள்ளைக்கும் விளக்க வேண்டியிருக்கும்.

ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: கீவேர்டுக்கு அகராதிப் பொருள் எழுதிப் போடாதீர்கள். அந்த ஃபார்–எல்ஸை பிரேக் ஆகும்படி ஒருமுறை, ஆகாதபடி ஒருமுறை, காலிப் பட்டியலோடு ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். என்ன நடந்தது என்று பிள்ளைகளே சொல்லட்டும், தமிழிலேயே.