மாம்பலம் கால்வாயைத் திட்டுவதற்கு முன்னால்

சென்னையில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் தி.நகர் மூழ்கியது என்று செய்தி வரும். கூடவே, மாம்பலம் கால்வாயைத் தூர்வாரவில்லை என்ற புலம்பலும் வரும். தூர்வார வேண்டும்தான், அதில் தகராறு இல்லை. அது ஒன்றே போதும் என்று நினைப்பதில்தான் எனக்குச் சண்டை.

பழைய மெட்ராஸ் வரைபடங்களில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நீளமாக ஒரு ஏரி கிடக்கும். வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில், நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியை வடித்து மனை பிரித்தார்கள். அதுதான் இன்றைய தியாகராய நகர், அதாவது தி.நகர். தியாகராயர் பெயர் ஊருக்கு, பனகல் ராஜா பெயர் நடுவில் இருக்கும் பூங்காவுக்கு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது, பார்க்கத்தான் ஏரி இல்லை.

ஏரி போனாலும் பள்ளம் போகுமா? சுற்றுவட்டார மழைத்தண்ணீர் இன்றும் அங்கேதான் இறங்குகிறது. அதை வெளியே கொண்டுபோகும் முக்கியமான வழி இந்தக் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகர், சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. நீளம் ஆறு கிலோமீட்டர்கூட வராது. அடையாறு நிரம்பி ஓடும்போது கால்வாய்த் தண்ணீர் ஆற்றில் இறங்காது, வந்த வழியே எதிர்த்து ஏறும். 2015 டிசம்பர் மாதிரி ஆறு பொங்கும் நாளில், கால்வாயில் ஒரு பிளாஸ்டிக் பைகூட இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

2021 நவம்பர் கதை வேறு. அப்போது கால்வாய்க்குள்ளேயே கட்டட இடிபாடுகள் கிடந்ததாகச் செய்திகள் வந்தன. அதற்கு அடையாற்றைக் குறை சொல்ல முடியாது.

மே மாத வெயிலில் வெங்கட்நாராயணா சாலைப் பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். மழை பெய்து மாதக்கணக்காகியிருக்கும், ஆனாலும் கீழே கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும், இடையிடையே குமிழி வெடிக்கும். அத்தனையும் கழிவுநீர். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டும் கலந்து ஓடுகிற இடத்துக்கு யார் பொறுப்பு? கோடையிலேயே பாதி நிரம்பிக் கிடக்கும் கால்வாயில் ஐப்பசி மழைக்கு எங்கே இடம் இருக்கும்?

இதையெல்லாம் விட்டுவிட்டு, கரையில் நடைபாதை, சைக்கிள் பாதை, வண்ண விளக்கு என்று அழகுபடுத்தும் பேச்சு வரும்போது எரிச்சலாக இருக்கிறது. நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் சாக்கடை இணைப்புகளைப் பிரியுங்கள். அப்புறம் ஆற்றோடு சேரும் இடத்தில் மதகும் பம்பும் வைத்தால் பயன்படுமா என்று கணக்குப் போடுங்கள். அடுத்த டெண்டரில் விளக்குக்கு எவ்வளவு, குழாய்களைப் பிரிக்க எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டு வெளியிடுங்கள். மிச்சத்தை நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.