பிராம்ப்டில் எழுதி வைத்தால் அது பூட்டு ஆகாது

ஏஐ ஏஜெண்ட்டுக்கு, அதாவது மொழி மாடலை வைத்து நமக்காகக் கருவிகளை இயக்கி வேலை முடிக்கும் மென்பொருளுக்கு, என்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பலர் சிஸ்டம் பிராம்ப்டைத்தான் (மாடலுக்கு முன்கூட்டியே எழுதிவைக்கும் அறிவுறுத்தலை) திறந்து காட்டுகிறார்கள். "லைவ் டேட்டாபேஸைத் தொடாதே", "கேட்காமல் மெயில் அனுப்பாதே" என்று வரிசையாக எழுதியிருக்கும். இதெல்லாம் வேண்டுகோள். மாடல் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளும். அந்தப் "பெரும்பாலும்"தான் எனக்கு உறுத்துகிறது.

2025 ஜூலையில் ரெப்லிட் என்ற புரோகிராம் எழுதும் தளத்தின் ஏஜெண்ட் விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டது. எந்த மாற்றமும் செய்யாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், அது ஒருவரின் லைவ் டேட்டாபேஸை அழித்துவிட்டது. பிறகு அந்த நிறுவனம் அறிவித்த தீர்வுகளில் முக்கியமானது, சோதனை டேட்டாபேஸையும் லைவ் டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிப்பது. அதாவது மாடலிடம் இன்னும் கண்டிப்பாகச் சொல்வது அல்ல, அதன் கைக்கு எட்டாமல் வைப்பது. அதுதான் சரி.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி கொடு என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். 1988-இல் நார்ம் ஹார்டி என்ற கணினி வல்லுநர் ஒரு கம்பைலரின் (எழுதிய புரோகிராமை இயந்திரம் இயக்கக்கூடியதாக மாற்றும் மென்பொருளின்) கதையைச் சொன்னார். அந்தக் கம்பைலருக்குத் தன் புள்ளிவிவரக் கோப்பை எழுதுவதற்காக ஒரு டைரக்டரியில் எழுதும் அனுமதி இருந்தது. பயனர் ஒருவர், பிழைதிருத்தத் தகவலை எழுத வேண்டிய கோப்பு என்று சொல்லி, அதே டைரக்டரியில் இருந்த பில்லிங் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அந்தக் கோப்பைத் தொட அனுமதி கிடையாது, கம்பைலருக்கு இருந்தது. பில்லிங் தகவல் போயே போய்விட்டது. இன்று ஒரு மெயிலையோ இணையப் பக்கத்தையோ படிக்கும் ஏஜெண்ட், அதற்குள் யாரோ ஒளித்து வைத்த கட்டளையைத் தன் எஜமானர் சொன்னதாக எடுத்துக்கொண்டு வேலை செய்வதும் இதே ரகம்தான். எல்லாம் செய்யக்கூடிய ஒரு பெரிய சர்வீஸ் அக்கவுன்ட்டை (மென்பொருளுக்கென்று உள்ள கணக்கை) ஏஜெண்ட்டிடம் கொடுத்திருந்தால், அந்த மெயிலை எழுதியவருக்கும் அதே அதிகாரத்தைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். எந்தப் பயனருக்காக வேலை செய்கிறதோ அவருடைய அனுமதிக்குள், அந்த ஒரு வேலைக்கு மட்டும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிற டோக்கன் (அனுமதிச் சீட்டு) போதும்.

சரி, ரேட் லிமிட்டுக்கு, அதாவது ஒரு நேரத்துக்குள் இத்தனை அழைப்புதான் என்ற வரம்புக்கு வருவோம். இங்கேதான் பழைய பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. நிமிடத்துக்கு 60 அழைப்பு என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்த 60-உம் பயனர் கணக்கை நீக்கும் அழைப்பாக இருந்தால்? அதற்கும் அனுமதி உண்டு என்றுதானே பொருள்! படிப்பதும் அழிப்பதும் ஒரே எண்ணிக்கையில் வரக் கூடாது. எண்ண வேண்டியது விளைவை: டேட்டாபேஸில் எத்தனை பதிவுகள் மாறின, எத்தனை பேருக்கு மெயில் போனது, எவ்வளவு பணம் நகர்ந்தது.

அப்புறம், நிமிடக் கணக்கு மட்டும் போதாது. சுழலில் மாட்டிக்கொண்ட ஏஜெண்ட், நிமிட வரம்பைக் கொஞ்சமும் மீறாமல் விடிய விடிய அதே தவறைச் செய்துகொண்டே இருக்கும். யாருக்கும் எச்சரிக்கை போகாது, ஏனென்றால் அது "ஒழுங்காக" இருக்கிறது. ஒரு வேலைக்கு மொத்தம் இவ்வளவு என்று ஒரு பட்ஜெட் வேண்டும். ஏஜெண்ட் ஐந்து துணை ஏஜெண்ட்டுகளைக் கிளப்பினால் அந்த ஐந்தும் இதே பட்ஜெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வரம்பு தானாகவே ஐந்து மடங்கு ஆகிவிடும்.

வரம்பு முடிந்ததும் ஏஜெண்ட்டுக்கு மறுப்பு எப்படிப் போகிறது என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அளவுக்கு மீறி அழைக்கிறாய் என்று சர்வர் சொல்லும் 429 என்ற எண் 2012-இல் தரப்படுத்தப்பட்டது. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் அதோடு சொல்லி அனுப்பலாம். சாதாரண புரோகிராம் காத்திருந்து திரும்ப வரும். ஏஜெண்ட் அப்படியில்லை, தடையைத் தீர்க்க வேண்டிய சிக்கலாகப் பார்க்கிறது. "பிழை" என்று மொட்டையாகப் பதில் வந்தால் வேறு வழி தேடும். ஒரு ஃபோல்டரை மட்டும் படிக்கலாம் என்று கோப்புக் கருவியைக் கட்டிவைத்துவிட்டு, பக்கத்திலேயே ஷெல்லை (கணினிக்கு நேரடியாகக் கட்டளை தட்டும் வசதியை) கட்டுப்பாடில்லாமல் கொடுத்திருப்பார்கள். கோப்புக் கருவி மறுத்ததும் அது ஷெல்லில் ஒரே வரியில் அந்தக் கோப்பைப் படித்துவிடும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துபோட்ட கதை. ஏஜெண்ட் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, திறந்திருந்த வழியில்தானே போனது. அதனால் மறுப்பிலேயே தெளிவாக எழுதுங்கள்: இந்த வேலைக்கு வரம்பு முடிந்தது, வேறு கருவி வழியாக முயல வேண்டாம், பயனரிடம் கேள். இதுவும் வேண்டுகோள்தான், ஒத்துக்கொள்கிறேன். பூட்டு பின்னால் இருக்கும்போது இந்த வேண்டுகோள் வீண் முயற்சிகளையாவது குறைக்கும்.

ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் (மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை), இந்தக் கருவி படிக்க மட்டும், இது அழிக்கக்கூடியது என்று குறிப்பு வைக்கும் வசதி பின்னர் வந்தது. நல்ல வசதிதான். ஆனால் நம்பகமான சர்வரிலிருந்து வந்தால் ஒழிய அந்தக் குறிப்புகளை நம்பாதே என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. அதை அப்படியே நம்பி அனுமதி விதிகளை எழுதுபவர்களைப் பார்த்தால் பகீர் என்கிறது.

எல்லாவற்றுக்கும் மனித ஒப்புதல் கேட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபதாவது ஒப்புதல் பெட்டி திரையில் வரும்போது யாரும் படிப்பதில்லை, ஓகேயை அழுத்திக்கொண்டே போவார்கள். திரும்பப் பெற முடியாததற்கு மட்டும் கேளுங்கள்: நீக்குதல், பணம், வெளியே போகும் செய்தி. மற்றதெல்லாம் ஒரு நகல் சூழலில் தாராளமாக நடக்கட்டும். அங்கே ஏஜெண்ட் டேட்டாபேஸைப் பத்து முறை அழித்தாலும் பதினோராவது நகலைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.