பிரான்கோ வந்ததும் மாட்ரிட் பட்டங்களைக் குவிக்கவில்லை

ஸ்பெயினின் சர்வாதிகாரி பிரான்கோவையும் ரியல் மாட்ரிட் கால்பந்து அணியையும் பற்றி, "பிரான்கோ ஆட்சிக்கு வந்ததுமே ரியல் மாட்ரிட் லீக் பட்டங்களைக் குவிக்க ஆரம்பித்தது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் நம்பும் விஷயம்தான், ஆனால் தவறு.

பிரான்கோ வென்று ஆட்சியைப் பிடித்த ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிந்தது 1939-இல். அதற்கப்புறம் நடந்த 14 லீக் சீசன்களில் மாட்ரிட் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பார்சிலோனா 5, அத்லெட்டிகோ 4, வலென்சியா 3, பில்பாவோவும் செவியாவும் தலா ஒன்று. ஆட்சிக்கு நெருக்கமான அணி என்றால் அப்போது அதே நகரின் இன்னொரு அணியான அத்லெட்டிகோதான்; விமானப்படையோடு இணைந்து, அதன் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஆடி 1940, 1941 இரண்டு பட்டங்களையும் எடுத்தது. போருக்கு முன் மாட்ரிட்டின் தலைவராக இருந்த சான்செஸ் குவெர்ரா, போரில் பிரான்கோவை எதிர்த்த குடியரசுத் தரப்பின் ஆதரவாளர். பிரான்கோ அரசு அவரைச் சிறையில் போட்டது. இதை யாரும் சொல்வதே இல்லை!

லீக் வறட்சி தீர்ந்தது 1954-இல், நட்சத்திர வீரர் டி ஸ்தெஃபானோ வந்த முதல் சீசனில்.

சரி, மாட்ரிட்டுக்கும் ஆட்சிக்கும் சம்பந்தமே இல்லையா? இருந்தது. 1943 கோப்பை அரையிறுதியில் பார்சிலோனாவை 11-1 என்று வென்ற ஆட்டத்தில் பார்சிலோனா வீரர்கள் மிரட்டப்பட்டதாக எழுந்த புகார் இன்றும் பேசப்படுகிறது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து வென்ற 5 ஐரோப்பியக் கோப்பைகளை அரசு தன் விளம்பரத்துக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அந்த அணியைக் கட்டியவர் கிளப்பின் தலைவர் பெர்னபேயு.