அந்த நாற்காலியைக் காட்டிக்கொடுத்த நல்லவருக்கு

நூலகத்தில் அமைதியான இடம் என்று என் நாற்காலியைக் காட்டும் அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் விட்டீர்கள், 'உன் இடம் பிரபலமாகிவிட்டது' என்ற வாழ்த்தோடு. மிக்க மகிழ்ச்சி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். நூலகத்தின் மூன்றாம் மாடி, பழைய நாளிதழ்த் தொகுப்புகளுக்குப் பின்னால், ஜன்னலோரம் இருக்கும் ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஏழு பேர் காத்திருந்தார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள், குறை சொல்லக்கூடாது.

அமைதியான இடம் என்று ஊருக்கே அறிவித்துவிட்டால் அங்கே அமைதி எப்படி இருக்கும்? இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்?

'பொது நூலகம்தானே, உன் பாட்டன் சொத்தா?' என்பீர்கள். இல்லைதான். யார் வேண்டுமானாலும் வரட்டும், என்னைப்போல் அலைந்து தேடி வரட்டும். இது சுயநலமாகத் தெரிகிறதா? தெரியட்டும்.

'இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வாங்கிக்கொள்' என்பது அடுத்த அறிவுரை. வாங்கினேன். விமான எஞ்சின், மின்விசிறி போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியை அது நன்றாக அடக்குகிறது. பக்கத்தில் இருப்பவரின் பேச்சு அதையும் தாண்டி வந்துவிடுகிறது. அதுவும் போக, சத்தம் பிடிக்கவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? நியூயார்க்கில் பேலி பூங்கா என்று உள்ளங்கை அளவு இடம் ஒன்று உண்டு, 1967இல் திறந்தது. பின்சுவரில் 20 அடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் தெருவின் சத்தம் அமுங்கிப்போகிறது. நகரத்தின் நட்ட நடுவில் ஆட்கள் தனியே உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஓர் அருவி இருந்தாலும் எனக்குப் போதும். 'என்ன ஆயிற்று?' என்று யாரும் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்பா மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதங்களில்தான் அந்த நாற்காலி கிடைத்தது. வீடு நிறைய உறவினர்கள். வார்டில் அடுத்த கட்டில்காரர்கள். அழலாம் என்று குளியலறையைத் தாழிட்டால் இரண்டு நிமிடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்த ஜன்னலோரத்தில் மட்டும் தினமும் நாற்பது நிமிடம். எதையும் படித்ததில்லை, விரித்த பக்கம் விரித்தபடியே கிடக்கும். நூலகர் ஒருநாள் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஒரு காணொளி எடுக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

'நல்ல எண்ணத்தில்தானே பகிர்ந்தார், நாலு பேருக்குப் பயன்படாதா?' என்கிறீர்கள். எனக்கு எதற்காக அந்த இடம் என்று காணொளியைப் பகிர்ந்தவருக்குத் தெரியும். நான்தான் கூட்டிப்போனேன், அப்பா போன மறுவாரம். வேறு யாரையும் கூட்டிப்போனதில்லை. இப்போது கேட்டால், 'எப்போதும் தனியாகவே இருக்காதே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்' என்கிறார். என் நல்லதுக்கு!

காணொளியின் பன்னிரண்டாவது நொடியில் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு நீலக்குடை தொங்கும், பாருங்கள். அது என்னுடையது. அப்போது நான் முகம் கழுவப் போயிருந்தேன்.